தகரத்தில் இருக்கிற நாகம்

போரில் இடம்பெயர்ந்த எங்கட ஆக்கள் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் தகரத்துக்குக் கீழ்தான் படுத்தெழும்பினார்கள். அந்தத் தகரத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு.

பெயர்தான் தகரம். உள்ளே இருப்பது இரும்பு, மேலே இருப்பது நாகம். உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கலாம் என்று 1742இல் மலுவான் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்குச் சொன்னார். ஆனால் அது பெருந்தொழிலாக வளர நூறு வருசம் அளவில் போனது. 1829இல் இங்கிலாந்தில் ஹென்றி பாமர் நெளித் தகட்டுக்கு ஆக்கவுரிமை எடுத்தார். தகடு மெல்லிசு, பலமானது. ஆனால் கறள் பிடிக்கும். 1837இல் பிரான்சில் சொரெல், இரும்பை அமிலத்தில் கழுவி நாகத்தில் தோய்க்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். இரண்டும் சேர்ந்ததுதான் எங்கட கூரைத் தகரம்.

சொரெல் இதற்குக் கல்வானியின் பெயரை வைத்தார். தவளைக் காலில் மின்னை ஆராய்ந்த கல்வானி 1798இலேயே இறந்துவிட்டார். ஆனாலும் பெயர் பொருத்தம்தான். தகரத்தில் கீறல் விழுந்தாலும், மின்னிரசாயனத் தாக்கத்தால் முதலில் கரைவது நாகம். தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுது.

அதனால் அந்தக் காவலுக்கு ஒரு முடிவும் இருக்கு. உப்புக்காற்று அடிக்கிற கரையோரத்தில் நாகம் கெதியில் முடிந்துவிடும், பிறகு கறள்தான். தற்காலிகம் என்று தந்த தகரம் கறள் பிடித்து ஓட்டை விழுந்த பிறகும், அதுக்குக் கீழேயே சனம் இருக்கென்றால், அதை நாங்கள் எப்படித் தற்காலிகம் என்று சொல்லுறது?