மாற்றாந்தாய் தந்த செல்வம்

நம் கதைகளில் மாற்றாந்தாய் வந்தால் கொடுமையும் கூடவே வரும். ஆனால், வாய்மொழியாக வழங்கிய தமிழ்நாட்டுக் கதைகளைச் சேகரித்து அச்சேற்றிய பண்டித நடேச சாஸ்திரியாரின் வாழ்க்கையில் நடந்ததோ வேறு.

1859-இல் பிறந்த அவர் சிறு பிராயத்திலேயே பெற்ற தாயை இழந்தார். தந்தையின் இரண்டாம் மனைவி அவரிடம் அன்பைப் பொழிந்தாள். ஓய்ந்த வேளைகளில் கதை கதையாகச் சொன்னாள். தம் முதற் கதைக் களஞ்சியம் அவளே என்று சாஸ்திரியார் பிற்காலத்தில் நன்றியோடு எழுதினார்.

அவர் சேர்த்தவற்றில் ஒரு பிரம்மராட்சஸ் கதை. அதற்கு ஓயாமல் வேலை கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் எஜமானனையே விழுங்கிவிடும். எந்த வேலையானாலும் கணத்தில் முடித்துவிட்டு வந்து நிற்கும். எஜமானன் நடுங்கினான். அவன் மனைவியோ தன் தலையிலிருந்து ஒரு சுருட்டை மயிரைப் பிடுங்கி, "இதை நிமிர்த்திக் கொண்டு வா" என்றாள். அது நிமிருமா? நெருப்பில் காட்டியதும் கருகிப்போயிற்று. பிரம்மராட்சஸ் எடுத்தது ஓட்டம்! மேடவாக்கத்து அடுக்குமாடி வீட்டில் இன்று ஒரு பாட்டி இதைச் சொன்னாலும் பேரன் பயத்தை மறந்து சிரிப்பான்.

1890-இல் லண்டனில் வெளிவந்த 'டேல்ஸ் ஆஃப் தி சன்' என்ற ஆங்கிலத் தொகுதியில் இந்தக் கதை இருக்கிறது. முகப்பில் இரண்டு பெயர்கள்: கிங்ஸ்கோட் என்ற ஆங்கிலச் சீமாட்டி, நடேச சாஸ்திரி. 1906-இல் சாஸ்திரியார் மறைந்தார், புத்தகம் நிலைத்துவிட்டது. திண்ணையிலோ கூடத்திலோ அமர்ந்து அந்தச் சிறுவனுக்குக் கதை சொன்னவளின் பெயர் முகப்பில் இல்லை.

உங்கள் வீட்டுப் பாட்டியின் கதையை எழுதி வைக்கிறீர்களா? முதல் வரியில் அவள் பெயரை எழுதுங்கள்.