அத்திப் பூவும் நீல நிலவும்

மட்டக்களப்பில் நெடுநாள் எட்டிப் பார்க்காத உறவு படலையைத் திறந்தால், "என்னகா மச்சாள், அத்தி பூத்த மாதிரி இந்தப் பக்கம்?" என்றுதான் வரவேற்பு. பாடசாலையில் அதற்கு நிகராகப் படிப்பிப்பது 'ஒன்ஸ் இன் அ ப்ளூ மூன்'. இரண்டுக்கும் 'மிக அரிதாக' என்று பொருள் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். பிள்ளைகள் வாக்கியம் அமைக்கையில் இடறுவது அங்கேதான்.

'அங்கிள் கேம் யெஸ்டர்டே ஒன்ஸ் இன் அ ப்ளூ மூன்' என்று எழுதிய பிள்ளையின் மனதில் இருந்தது, "மாமா நேற்று அத்தி பூத்தாற்போல வந்தார்" என்ற பிழையற்ற தமிழ். சிவப்புக் கோடு போடுமுன் அதை நாம் மதிக்க வேண்டும். நம் தொடர் ஒற்றை வரவையும் தாங்கும்; வந்துவிட்டாரே என்று வியக்கும். ஆங்கிலத் தொடர் வழக்கத்தை மட்டுமே சொல்லும். எத்தனை காலத்துக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு அது விடை. 'ஹி விசிட்ஸ் அஸ் ஒன்ஸ் இன் அ ப்ளூ மூன்' சரி. 'யூஸ்ட் டு விசிட்' என்று பழைய வழக்கமாக்கினாலும் சரி. நேற்று, போன கிழமை என்று நாள் குறித்த இடத்தில் அது ஒட்டாது. 'ஒன்ஸ்' இருக்குமிடத்தில் 'ட்வைஸ்' போடுவதும் வழக்கில் இல்லை.

அரிது என்ற எண்ணம் பிறந்த விதமும் வேறு. அத்தி பூக்காத மரமல்ல. காய் என்று நாம் பறிக்கும் உருண்டைக்குள்ளேதான் அத்தனை பூவும். சின்னஞ்சிறு குளவி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. கண்ணில் படாததால் அரிதானது. நீல நிலவு, இன்று பலரும் சொல்லும் பொருளில், ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது முழுநிலவு. 19 ஆண்டில் ஏறத்தாழ 7 தடவை. அந்தப் பொருளைப் பரப்பியது, பழைய பஞ்சாங்கமொன்றைத் தவறாக விளங்கிக்கொண்டு 1946இல் அமெரிக்க வானியல் இதழில் வெளிவந்த கட்டுரை. தொடரோ 19ஆம் நூற்றாண்டிலேயே புழங்கியது. ஆகவே ஆண்டுக்கணக்குப் பார்த்து அதைப் பயன்படுத்தத் தேவையில்லை.

மாதந்தோறும் போயா விடுமுறை காணும் நம் பிள்ளைகளுக்கு நிலவு என்றால் மாதம் ஒருமுறை என்றே தோன்றும். 2023 ஓகஸ்ட் கலண்டரை விரித்து 1ஆம் திகதியும் 30ஆம் திகதியும் போயா என்று காட்டினால் அந்த மயக்கம் தெளியும். பிறகு, நிலவுக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் கேட்குமென்று சொல்லப்படும் மீன்பாட்டை வைத்தே இரண்டு வாக்கியம் கேட்கலாம்: போன போயாவுக்குக் கேட்டதை ஒன்றில், எப்போதாவது கேட்பதை மற்றதில். ப்ளூ மூன் இரண்டாவதில்தான் பொருந்தும். தமிழில் எழுதச் சொன்னால் அத்தி இரண்டிலும் பூக்கும்.