மணலில் எழுதக் கற்பித்த சிறுவர்கள்

திருவண்ணாமலைக் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் பழைய வீடுகளின் திண்ணைகளைக் காணும்போது, தமிழகத்தின் பள்ளிக்கூடங்கள் ஒரு காலத்தில் இத்தகைய இடங்களில்தாம் நடைபெற்றன என்பதை நாம் நினைவுகூர வேண்டியுள்ளது. 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டபோது, இவ்வூர் தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. சென்னை மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாக 1826ஆம் ஆண்டின் அவரது குறிப்பு கூறுகிறது. முஸ்லிம் மாணவர்கள் அக்கணக்கில் தனியே எண்ணப்பட்டனர்.

திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவரே. எழுத்தறிந்த மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோருக்குக் கற்பித்தான். குழந்தை எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் அதனை வரையும். பிழையானால் மணலைத் தடவிவிட்டு மீண்டும் எழுதும். ஓலையும் எழுத்தாணியும் பின்னரே வரும். பிழைக்கு விலை ஏதுமில்லாத ஓர் எழுதுகளம் அது.

இம்முறை கடல் கடந்த வரலாறு சுவையானது. 1789இல் எழும்பூர் ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அவ்வாறே கற்பிக்கப் பணித்தார். கீழ்வகுப்பின் துணையாசிரியர் இணங்கவில்லை. ஆகவே ஏறத்தாழ எட்டு வயதே ஆன ஜான் ஃபிரிஸ்கன் என்னும் மாணவனிடம் அவ்வேலையை ஒப்படைத்தார். பெரியவரால் இயலாது எனப்பட்டதைச் சிறுவன் செய்துகாட்டினான். 1797இல் லண்டனில் பெல் வெளியிட்ட நூலின் வழி இது 'மெட்ராஸ் முறை' எனப் பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டரும் இதையொத்த முறையைப் பரப்பினார்.

ஆனால் அங்கே அதன் இயல்பு மாறியது என்பது நம் கருத்து. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோருக்குக் குறைந்த செலவில் கற்பிக்கலாம் என்பதே பெரிதாகப் பேசப்பட்டது. அருகிலமர்ந்து விளங்கவைப்பவன், வரிசையை மேற்பார்ப்பவனானான். நம் சட்டாம்பிள்ளையும் குற்றமற்றவனல்லன். தின்பண்டம் வாங்கிக்கொண்டு சலுகை காட்டியவர்களைப் பற்றிய கதைகள் கிராமங்களில் ஏராளம்.

இவ்விடத்தில் இடைக்கால மத்ரஸாக்களின் 'முஈத்' நம் கவனத்திற்குரியவர். ஆசிரியரின் பாடத்தை மாணவர்களுக்கு மீண்டும் எடுத்துரைப்பதால் வந்த பெயர் அது. ஹிஜ்ரி 771இல் (கி.பி. 1370) மறைந்த தாஜுத்தீன் அஸ்ஸுப்கீ, முஈத் என்பவர் பாடத்தைச் செவிமடுப்பதோடு நின்றுவிடாமல் மாணவர்களுக்கு விளங்கவைத்துப் பயனளிக்க வேண்டும் என்றும், இல்லையேல் அவருக்கும் ஏனைய மாணவருக்கும் வேறுபாடில்லை என்றும் கருதினார். பதவியன்று, விளங்கவைத்தலே அளவுகோல்.

சக மாணவனுக்கு எழுதக் கற்பிப்போர் இன்று அறியவேண்டிய அடிப்படையும் இதில் அடங்கியுள்ளது. கற்பிப்பவன் சற்றுமுன் அதே பிழையைச் செய்தவன். எங்கே விரல் தடுமாறும் என்பது அவனுக்கு நினைவிருக்கும். கட்டுரை எழுதும் கல்லூரி மாணவனுக்கும் இது பொருந்தும். நண்பனின் வாக்கியத்தை வாங்கித் திருத்திக் கொடுத்துவிடுபவன் தானே எழுதிப் பழகுகிறான், நண்பன் பழகுவதில்லை. உரக்க வாசிக்கச் சொல்லி, தடுமாறும் இடத்தில் 'இங்கே என்ன சொல்ல வந்தாய்?' என்று கேட்டால், எழுதியவனே திருத்துவான். திண்ணையில் சட்டாம்பிள்ளை முதல் முறை குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைப்பான். அடுத்த முறை மணலைத் தடவிச் சமன் செய்துவிட்டு, கையை எடுத்துக்கொள்வான்.