அஞ்சலில் வந்த பட்டமும் கைபேசியில் வரும் சான்றிதழும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட் ரசாயன ஆலைகளை ஒட்டிக் கிடக்கிறது குடிகாடு. ஆலை வேலைக்கு ஐ.டி.ஐ. சான்றிதழ் கேட்ட பகுதி இது. இன்று இங்கிருக்கும் ஓர் இளைஞர் கைபேசியிலேயே வேறு வகைச் சான்றிதழ்களை வாங்கிவிடலாம். கூகுள் விளம்பரத் தேர்வு, ஹப்ஸ்பாட் என்று இணைய விளம்பரத் தொழிலுக்குள் நுழையப் பல வாசல்கள். 'வீட்டில் உட்கார்ந்தே வாங்கின சர்டிபிகேட்டுக்கு என்ன மதிப்பு?' என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். சந்தேகம் சரி, அதை வைக்கும் இடம்தான் தவறு. எங்கே உட்கார்ந்து படித்தார் என்பதை வைத்துச் சான்றிதழை எடைபோட முடியாது. தேர்வு வைத்தவர் யார், இவர் தேறுவதால் அவருக்கு என்ன வரும்படி என்று பார்க்க வேண்டும். இதற்கான சாட்சியங்களில் முக்கியமானவை சிதம்பரத்திலேயே இருக்கின்றன.

'பல்கலைக்கழகம் என்றால் வகுப்பறை' என்ற எண்ணமே நம் ஊரில் பிற்பாடு வந்தது. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம், லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைந்தது. கல்லூரிகள் பாடம் நடத்தின, பல்கலைக்கழகம் தேர்வு வைத்தது, பட்டம் கொடுத்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அதன் வேலை பெரும்பாலும் அவ்வளவுதான். அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை படித்தது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியில். அவருடைய பட்டத்தை யாரும் குறைவாக எண்ணவில்லை. லண்டன் பல்கலைக்கழகமோ 1858இல் இன்னும் ஒரு படி மேலே போய், எங்கே படித்தவரானாலும் வந்து எழுதலாம் என்று தேர்வைத் திறந்துவிட்டது. அஞ்சல்வழிக் கல்விக்கும் வயது குறைவில்லை. இங்கிலாந்தில் 1840இல் பென்னி அஞ்சல் வந்ததும் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தைத் தபாலில் கற்பித்தார், மாணவர் எழுதி அனுப்பியதைத் திருத்தியும் அனுப்பினார். அந்தச் சுருக்கெழுத்தும் அதோடு சேர்ந்த தட்டச்சும்தான் பிறகு தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அரசு வேலைக்குப் படிக்கட்டாயின. தெருமுனை இன்ஸ்டிட்யூட்டில் பழகலாம், எந்த இன்ஸ்டிட்யூட் என்று எவரும் கேட்கமாட்டார்கள். தட்டச்சுத் தேர்வில் லோயர் நிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் நிலைக்கு 45. தேர்வை நடத்தித் திருத்துவது அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை. கட்டணம் வாங்கிக் கற்பித்தவர் கையில் மதிப்பெண் இல்லை என்பதுதான் அந்தச் சான்றிதழின் பலம்.

சிதம்பரத்தின் கதை இதற்கு நேர்மாறான திசையில் தொடங்கியது. அண்ணாமலைச் செட்டியார் 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியே 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமானது. சென்னையைப்போல வெளிக்கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு மட்டும் வைக்கும் அமைப்பாக இல்லாமல், மாணவர்கள் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாக அது உருவானது. அப்படிப்பட்ட பல்கலைக்கழகம் 1979இல் தொலைதூரக் கல்வி இயக்ககம் தொடங்கி, பின்னாளில் நாட்டின் பெரிய அஞ்சல்வழிப் பல்கலைக்கழகங்களில் ஒன்றானது வேடிக்கையான திருப்பம். டில்லிப் பல்கலைக்கழகம் 1962இலேயே அஞ்சல்வழி வகுப்பைத் தொடங்கியிருந்தாலும், தமிழ்நாட்டில் 'கரஸ்ல படிக்கிறேன்' என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வந்தது அண்ணாமலைநகர் முகவரிதான். ஆனால் இந்த வளர்ச்சியில் ஒரு மாற்றம் ஒளிந்திருந்தது. பாடப்புத்தகம் அனுப்புபவரும் கட்டணம் வாங்குபவரும் தேர்வு வைப்பவரும் பட்டம் கொடுப்பவரும் ஒருவரே. மாணவர் சேர்க்கை கூடக்கூட வருமானமும் கூடும். திறந்தநிலை முறை என்ற பெயரில், முதல் பட்டமே இல்லாதவர்களையும் நேரடியாக முதுகலையில் சேர்த்தார்கள். இந்தப் பட்டத்தை 2009இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பல்கலைக்கழக மானியக்குழுவின் 1985ஆம் ஆண்டு விதிகள் இதற்கும் பொருந்தும், தொலைநிலைக் கல்விக் குழு பின்னால் கொடுத்த ஒப்புதல் அந்தக் குறையைப் போக்காது என்றது தீர்ப்பு. அதே ஆண்டு தமிழக அரசும், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று ஆணையிட்டது. நிதி நெருக்கடியில் சிக்கிய பல்கலைக்கழகத்தை 2013இல் அரசே எடுத்துக்கொண்டது. 2022இல் மானியக்குழு, அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று பொது அறிவிப்பே வெளியிட்டது.

இதைப் படித்துவிட்டு, அஞ்சல்வழிப் பட்டம் முழுக்க ஏமாற்று என்று முடிவுகட்டுவது அநியாயம். பகலில் வேலை பார்த்த ஆசிரியர்கள், காவலர்கள், திருமணத்தோடு படிப்பு நின்றுபோன பெண்கள் எனப் பலருக்குப் பட்டம் கிடைத்தது அந்த வழியில்தான். பதவி உயர்வும் சம்பள உயர்வும் கண்ணுக்குத் தெரிந்த பலன்கள். இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அந்தப் பலன் எங்கிருந்து வந்தது? அரசின் பணி விதி அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொண்டதிலிருந்து. விதியை மாற்றியதும் திறந்தநிலைப் பட்டம் வெறும் தாளாயிற்று. படித்தவரின் உழைப்பு குறையவில்லை, அதற்குப் பிணை நின்ற கைதான் விலகிக்கொண்டது.

இனி கைபேசிக்கு வருவோம். கூகுள் தன் விளம்பரச் சேவையை 2000இல் தொடங்கியது. அதை இயக்கத் தெரிந்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கவும் சில ஆண்டுகளிலேயே ஏற்பாடு செய்தது. இப்போது தேர்வுக்குக் கட்டணமில்லை, 75 நிமிடம், 80 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி, மேற்பார்வையாளர் கிடையாது. மேற்பார்வை இல்லாததைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய குறை, தேர்வு வைப்பவர் விளம்பர இடத்தை விற்பவராகவும் இருப்பது. ஒரு விளம்பர நிறுவனம் 'கூகுள் பார்ட்னர்' முத்திரை பெற வேண்டுமானால், அதன் ஊழியர்கள் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. அது பார்த்துக்கொள்ளும் கணக்குகளில் 90 நாளில் 10,000 டாலர் விளம்பரச் செலவு காட்ட வேண்டும், கூகுளின் பரிந்துரைகளை வைத்துக் கணக்கிடும் மதிப்பெண் 70 விழுக்காடாவது இருக்க வேண்டும். விற்பவரிடமிருந்து கூடுதலாக வாங்குவதும் தகுதியில் ஒரு பகுதி! கடலூர் கடைக்காரர் ஒருவர், 'எனக்கு விளம்பரமே வேண்டாம், கூகுள் வரைபடத்தில் என் கடை சரியாக இருந்தால் போதும்' என்றால் அது சரியா என்று சொல்லும் விவேகத்தை இந்த முத்திரை அளப்பதில்லை.

இந்தத் தொழிலில் தாளை யார் பார்க்கிறார்கள், செய்து காட்டிய வேலையைத்தானே கேட்கிறார்கள் என்பது வலுவான மறுப்பு. அனுபவப்பட்டவருக்கு அது உண்மையும்கூட. ஆனால் முதல் வாய்ப்பே கிடைக்காதவரிடம் செய்து காட்டிய வேலை எப்படி இருக்கும்? சென்னையிலோ கோவையிலோ தெரிந்தவர் இருந்தால் அவர் சொல்லி உள்ளே போகலாம். அப்படி யாரும் இல்லாத குடிகாட்டுக்காரருக்குத்தான் சான்றிதழ் தேவைப்படுகிறது. அவரைப் பொறுத்தவரை கூகுள் சான்றிதழ் ஓராண்டில் காலாவதியாவதுகூட ஒரு நேர்மைதான். லோயர் தேறிய தாளில் காலாவதித் தேதி கிடையாது, தட்டிய இயந்திரம் பழைய இரும்புக் கடைக்குப் போன பிறகும் அது செல்லும்.

படிப்பதையும் தேர்வையும் பிரித்து வைக்கும் பழைய ஏற்பாடு இணையத்திலும் உண்டு. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டெல்., 2017இல் வந்த சுவயம் இரண்டிலும் பாடத்தைக் காசில்லாமல் கேட்கலாம், சான்றிதழ் வேண்டுபவர் மட்டும் பணம் கட்டித் தேர்வு எழுதலாம். சுவயத்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் பாடமும் இருக்கிறது. அங்கே பாடம் எடுப்பவருக்கு விற்க விளம்பர இடம் இல்லை. வீடியோவை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். தேர்வன்று மட்டும் அடையாள அட்டையோடு பேருந்து ஏறி மையத்துக்குப் போய், மேற்பார்வையாளர் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். லோயர் எழுதப் போனவர்களும் இப்படித்தான் போனார்கள்.