பின்னால் இருப்பவருக்கும் ஓர் இடம்: நம்மூர் எம்டி 90 சீட்டின் கதை



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, என்னிடம் முன்பு படித்த தம்பி ஒருவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் மோட்டார் சைக்கிளைக் காட்டினான். பழைய எம்டி 90. இருவர் இருக்கும் நீட்டுச் சீட்டைக் கழற்றிவிட்டு, ஒருவர் மட்டும் இருக்கக்கூடிய மெல்லிய தட்டைச் சீட் போட்டிருந்தான். கறுப்பு ரெக்சின், சிவப்பு நூல் தையல். பார்க்க அழகுதான், பொய் சொல்லக் கூடாது.

"எப்பிடி சேர்?" என்றான்.

"நல்லாத்தான் இரிக்கி. உம்மாவ எங்க வெச்சிக் கூட்டிப் போவாய்?" என்று கேட்டேன்.

"உம்மா ஆட்டோவுல போவா சேர்" என்று சிரித்தான்.

நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பதில் மனதை விட்டுப் போகவில்லை. அந்த எம்டி 90 நம் நாட்டுக்கு வந்தபோது அதில் ஒரு சீட்தான் இருந்தது. இரண்டாவது சீட்டை நம்மவர்கள்தான் போட்டார்கள். அது ஏன், எப்படி என்று இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

வாகனத்தில் தனக்குப் பின்னால் இன்னொருவரை ஏற்றிக்கொள்வது நமக்குப் புதிய விடயமல்ல. அரபியில் அப்படி இருப்பவருக்கு 'ரதீஃப்' என்று பெயர். முஆத் இப்னு ஜபல் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் கழுதையில் இருந்து வந்த சம்பவம் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். இப்படி நபியவர்களுக்குப் பின்னால் அமர்ந்து சென்றவர்களின் பெயர்களைத் திரட்டி இப்னு மன்தா என்ற அறிஞர் தனி நூலே எழுதியிருக்கிறார்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஹிஜ்ரி 7இல் கைபரிலிருந்து திரும்பும் வழியில் நடந்தது. அன்னை ஸஃபிய்யா (ரழி) அவர்கள் இருப்பதற்காக நபியவர்கள் தமக்குப் பின்னால் ஒட்டகத்தில் தம் போர்வையை மடித்து இடம் செய்து கொடுத்தார்கள். பிறகு ஒட்டகத்தின் அருகே அமர்ந்து முழங்காலை வைத்தார்கள். அந்த முழங்காலில் கால் வைத்து அன்னையவர்கள் ஏறினார்கள். அனஸ் (ரழி) அறிவிக்க புஹாரியில் பதிவாகியிருக்கிறது. இருக்க ஒரு மெத்தை, ஏற ஒரு கால்மிதி. இரண்டையும் வாகனத்தைச் செலுத்துபவரே செய்து கொடுக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். பின்சீட்டுக்கு ஆங்கிலத்தில் 'பிலியன்' என்கிறார்களே, அது குதிரைக் காலத்துச் சொல். ஆண் சேணத்தில் இருப்பான், அதற்குப் பின்னால் பெண் ஒருபக்கமாக இருக்க ஒரு மெத்தையைக் கட்டுவார்கள். தோல் என்று பொருள்படும் லத்தீன் சொல்தான் அதன் மூலம். மோட்டார் சைக்கிள் வந்த பிறகும் ஆரம்பத்தில் ஓட்டுபவருக்கு மட்டுமே, சைக்கிளில் இருப்பது போல, ஸ்பிரிங் வைத்த தோல் சீட் இருந்தது. கூட வருபவர் கரியரில் கட்டிய ஒரு சிறு மெத்தையில் குந்திக்கொள்ள வேண்டும்.

அதை மாற்றியது ரப்பர். இங்கே நம் நாடும் கதைக்குள் வருகிறது. 1876இல் பிரேசில் விதைகளிலிருந்து லண்டன் கியூ பூங்காவில் முளைக்க வைத்த ஏறத்தாழ 1,900 ரப்பர் கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. ஆசியாவின் ரப்பர் தோட்டங்களின் ஆரம்பங்களில் ஒன்று அது. 1929இல் டன்லப் கம்பனியின் ஆய்வாளர்கள் ரப்பர் பாலை நுரைக்க வைத்து மெத்தை செய்யும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 'டன்லப்பிலோ' என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பேர்மிங்ஹாமில் ஃபெரிடக்ஸ் என்ற உதிரிப்பாக நிறுவனம் இந்த நுரை மெத்தையை வைத்து, இருவர் இருக்கும் ஒரே நீட்டுச் சீட்டைச் செய்து தனியாக விற்றது. மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள் தோல் சீட்டைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டிக்கொண்டார்கள். ட்ரயம்ஃப் கம்பனி 1949இல் தானே இருவர் சீட் போடத் தொடங்கியது. மற்றக் கம்பனிகளும் பின்தொடர்ந்தன. ஆக, இன்று எல்லா பைக்கிலும் இருக்கும் நீட்டுச் சீட், பல வண்டிகளுக்கு வாங்கியவர்கள் பிறகு பூட்டிய ஒரு பாகமாகத்தான் முதலில் வந்தது.

இனி ஜப்பானுக்கு வருவோம். 1958இல் ஹொண்டா 'சுப்பர் கப்' என்ற சிறிய வண்டியை விட்டது. நூடில்ஸ் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு கடைப் பையன் மறுகையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். அதனால்தான் அதில் கிளச் பிடி இல்லை. 2017இல் அந்த வரிசை வண்டிகளின் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது.

அந்தக் குடும்பத்தில் 1970களில் பிறந்ததுதான் எம்டி 90. ஜப்பான் தபால் சேவைக்கென்றே செய்தது. சிவப்பு நிறம், 14 அங்குலச் சில்லு, முன்னால் பை வைக்க இடம், பின்னால் தபால் பெட்டி வைக்கப் பெரிய இரும்புக் கரியர், தபாற்காரருக்கு ஒரு சீட். அங்கே பாவித்துக் கழித்த வண்டிகள் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. பெற்றோல் குறைவாகக் குடிக்கும், மணல் ஒழுங்கையிலும் வயல் வரம்பிலும் போகும், எந்தக் கராஜிலும் திருத்தலாம். வடக்கு கிழக்கில் எம்டி 90 ஓடாத ஊர் உண்டா?

ஆனால் ஜப்பான் தபாற்காரருக்குக் கடிதம் ஏற்றினால் போதும். நமக்கு உம்மாவை ஏற்ற வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போக வேண்டும், காய்ச்சல்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

அங்கேதான் நம் குஷன் கடைக்காரர்கள் வருகிறார்கள். கரியரைக் கழற்றி அல்லது வெட்டிக் குறுக்கி, தகட்டை வளைத்து நீட்டுச் சட்டம் செய்து, மேலே ஸ்பொஞ் ஒட்டி, ரெக்சின் இழுத்துத் தைத்தார்கள். அந்த வண்டியில் பெற்றோல் டாங்கி சீட்டுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே சீட் முன்பக்கப் பிணைச்சலில் தூக்கித் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அவர்கள் பொறியியல் படித்தவர்களல்ல. ஆனாலும் பின்னால் வரும் பாரம் பின்சில்லின் அச்சுக்கு மிகவும் பின்னே போனால் முன்பக்கம் இலேசாகி ஹேண்டில் ஆடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சீட்டின் வாலை அளவோடு நிறுத்தினார்கள். இந்தக் கைவேலைக்கு எந்தப் புத்தகத்திலும் பெயரில்லை.

என் வாப்பா புடவை வியாபாரி. இளமையில் சைக்கிளில் மூட்டை கட்டி, ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாதையில் வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய் விற்றுவந்தவர். அறுவடை முடியக் காசு தருவார்கள், சிலர் நெல்லாகத் தருவார்கள். 1990க்குப் பிறகு அந்தப் போக்குவரத்து நின்றது. ஏன் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் வந்த பிறகு, அடுத்த வருடம் ஒரு சிவப்பு எம்டி வாங்கி வாப்பா மறுபடி படுவான்கரைக்குப் போகத் தொடங்கினார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகும் பழைய வாடிக்கைக்காரர்கள் வாப்பாவை அடையாளம் கண்டு, இருத்தி, தயிர் கொடுத்தார்கள் என்று வந்து சொன்னார். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோசம் எனக்கு இன்னும் ஞாபகம்.

அப்போது வண்டியில் தபாற்காரரின் சீட்டும் கரியரும்தான். புடவை மூட்டைக்கு அது நல்ல வசதி. உம்மாவை ஏற்றும்போது கரியரில் சாக்கை மடித்துப் போடுவோம். ஒருநாள் உம்மா கேட்டா, "இதுல எங்க மனே நான் இரிக்கிற? நான் என்ன தபாலா?"

வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கிழமையே ஒரு நீட்டுச் சீட் வாங்கி வந்தேன். கடையில் பூட்டித் தருவதாகச் சொன்னார்கள். காத்திருக்கப் பொறுமையில்லை, வீட்டில் நானே பூட்டினேன். முன் பிணைச்சல் போல்ட்டுக்கு வாஷர் போடவில்லை. சீட்டின் பின்பகுதி சட்டத்தில் அமருவதற்கான ரப்பர் கட்டைகள் இரண்டு இருந்தன. ஒன்று பொருந்தவில்லை என்று தூக்கி வைத்துவிட்டேன். அந்த வண்டியில் பின்னால் இருப்பவருக்குக் கால்மிதியும் இல்லை. பிறகு வெல்டிங் செய்யலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று கிழமை நன்றாக ஓடியது. அந்த நாட்களில் சோதனைச் சாவடிகளில் சீட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். தூக்கி இறக்கித் தூக்கி இறக்கி நட் தளர்ந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. உம்மாவை மருந்தெடுக்கக் கூட்டிப் போகும்போது ஒரு பள்ளத்தில் சில்லு இறங்கியது. சீட் ஒருபக்கம் சரிந்தது. கால் ஊன்ற இடமில்லாத உம்மா வீதியில் விழுந்தா. வலது மணிக்கட்டு முறிந்தது.

எலும்பு பொருந்தியது, ஆனால் கை பழையபடி வரவில்லை. அதற்குப் பிறகு ரொட்டிக்கு மாப் பிசைவது இடது கையால்தான். "சீட்டுல பிழையில்ல மனே, நான்தான் சரியாப் பிடிக்கல்ல" என்று கடைசி வரை சொன்னா. பிழை யாருடையது என்று எனக்குத் தெரியும். அல்லாஹ் உம்மாவையும் வாப்பாவையும் பொருந்திக்கொள்வானாக.

ஆகவே தம்பிமாரே, சீட் மாற்றுவதைப் பிழை என்று நான் சொல்லவில்லை. மாற்றினால் இவற்றைப் பாருங்கள்:

1. பிணைச்சல் போல்ட்டுக்கு ஸ்பிரிங் வாஷர் அல்லது லொக் நட் கட்டாயம். பூட்டி ஒரு கிழமைக்குப் பிறகு மறுபடி இறுக்குங்கள்.

2. சீட்டின் அடியிலுள்ள ரப்பர் கட்டைகள் எல்லாம் சட்டத்தில் சமமாக அமர வேண்டும். கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது.

3. பின்னால் இருப்பவருக்குக் கால்மிதியும் பிடிக்க ஒரு பட்டியோ கம்பியோ இல்லாமல் யாரையும் ஏற்ற வேண்டாம்.

4. அபாயா, சாரி, பர்தா சில்லுக்குள் போகாமல் பக்கத்தில் தடுப்பு போடுங்கள். இந்தியாவில் 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில், பின்சில்லின் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பைக்கில் சாரித் தடுப்பு வருவது அதனால்தான்.

5. நம்முடைய உப்புக் காற்றுக்குச் சீட்டின் அடித்தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். வருடம் ஒருமுறையாவது சீட்டைத் தூக்கிப் பாருங்கள்.

இப்போது பழைய வண்டிகளுக்கு மறுபடி மதிப்பு வந்திருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் மூலையில் கிடந்த எம்டிகள் எல்லாம் வீதிக்கு வந்தன. 2022இல் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அப்போது எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் ஒரு வண்டியில் இருவராக வந்தோம், பெற்றோலையும் பகிர்ந்துகொண்டோம். பின்சீட் இல்லாவிட்டால் அந்த நாட்களில் எத்தனை வகுப்பில் ஆசிரியர் இருந்திருப்பார்?

மண்முனையில் 2014இல் ஜப்பானின் உதவியுடன் பாலம் வந்துவிட்டது. பாதைக்காகக் காத்து நின்ற காலம் போய்விட்டது. வாப்பா நெல்லும் தயிரும் கொண்டுவந்த தூரத்தை இன்று சில நிமிடத்தில் கடக்கலாம். போகும்போது பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போவோமா, தனியாகப் போவோமா என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

அந்தத் தம்பிக்கு ஒரு வார்த்தை. உன் சீட் அழகு. ஆனால் கழற்றிய நீட்டுச் சீட்டை விற்றுவிடாதே. உம்மா ஆட்டோவில் போவா, சரி. ஒருநாள், "மனே, உன்ட வண்டியில போவமா?" என்று கேட்பா. அன்றைக்கு இடம் இருக்க வேண்டும்.

உங்கள் வீடுகளில் பழைய எம்டி, சீடி, சாலி வண்டிகளின் படங்கள் இருந்தால் கீழே போடுங்கள். ஊரில் பழைய குஷன் வேலைக்காரர்கள் இன்னும் இருந்தால் சொல்லுங்கள், நேரில் போய்ப் பேசி எழுதி வைக்க ஆசை.

வஸ்ஸலாம்.