மார்த்தாண்டம் டு காரியவட்டம்: கான்செர்ட்டுக்குப் போறீங்களா? திரும்பி வர்ற வழியை முதல்ல பிளான் பண்ணுங்க!

டிக்கெட் புக் பண்ணியாச்சு, ஸ்டேட்டஸும் வெச்சாச்சு. யார் என்ன டிரெஸ் போடுறதுன்னு வாட்ஸ்அப் குரூப்ல பஞ்சாயத்தும் முடிஞ்சாச்சு. ஆனா, ராத்திரி பத்தரைக்கு நிகழ்ச்சி முடிஞ்சா வீட்டுக்கு எப்படி வர்றதுங்கிற கேள்வியை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. வீட்டுல அப்பா, அம்மா கேட்கிற முதல் கேள்வியே அதுதான்!

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை இளைஞர்களுக்கு சென்னை 700 கி.மீ-க்கு மேல். பெரிய மேட்ச், கான்செர்ட், எக்ஸ்போ எதுவா இருந்தாலும் பக்கத்துல இருக்கிறது திருவனந்தபுரம்தான். அங்கே பெரிய கூட்டம் கூடுற இடம், காரியவட்டம் கிரீன்ஃபீல்டு ஸ்டேடியம். அங்கே போறதுக்கான முழு கைடு இதோ.

இடம் எது?

கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாக நிலத்தில், 2015-ம் ஆண்டு நடந்த 35-வது தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட மைதானம் இது. சுமார் 50,000 பேர் உட்காரலாம். 2023 ஜனவரி 15-ம் தேதி, இலங்கையை 317 ரன்கள் வித்தியாசத்தில் இந்தியா தோற்கடித்த ஒருநாள் போட்டி நடந்தது இங்கேதான். இதே வளாகத்தில் மாநாட்டு மையமும் இருக்கு. அதனால, நிகழ்ச்சி நடப்பது மைதானத்திலா, மாநாட்டு மையத்திலா, எந்த கேட் என்பதையெல்லாம் டிக்கெட்டில் பார்த்துடுங்க.

இன்னொரு விஷயம். நிஷாகந்தி திறந்தவெளி அரங்கம் கனகக்குன்னு வளாகத்திலும், டாகூர் தியேட்டர் வழுதக்காட்டிலும் இருக்கு. ரெண்டுமே நகரத்துக்குள்ள. காரியவட்டம் நகரத்தைத் தாண்டி, கழக்கூட்டம் பக்கம். இடத்தின் பெயரைச் சரியா பார்க்காம கிளம்பினா, நிகழ்ச்சியின் ஆரம்பத்தை ஆட்டோவுல உட்கார்ந்துதான் கேட்கணும்.

எப்படிப் போறது?

மார்த்தாண்டத்திலிருந்து காரியவட்டம் ஏறக்குறைய 50 கி.மீ.

பஸ்: களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியா தம்பானூர். அங்கிருந்து ஸ்ரீகாரியம் வழியா கழக்கூட்டம் போற பஸ்ஸில் ஏறினா, காரியவட்டத்தில் இறங்கலாம்.

ரயில்: குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் சென்ட்ரல். கொல்லம் பக்கம் தொடர்ந்து போற ரயிலா இருந்தா, கழக்கூட்டத்தில் நிற்குமான்னு பாருங்க. நின்னா நகர டிராஃபிக்கே கிடையாது. ஆப்பில் தேடும்போது குழப்பம் வேண்டாம். பழைய கொச்சுவேளிதான் இப்போ திருவனந்தபுரம் நார்த், நேமம்தான் திருவனந்தபுரம் சவுத்.

கார், வேன்: காரோடு - கழக்கூட்டம் பைபாஸில் போனா நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலைத் தவிர்க்கலாம். வழியில் திருவல்லத்தில் டோல் இருக்கு, ஃபாஸ்டேக்கில் காசு இருக்கட்டும். நண்பர்கள் சேர்ந்து வாடகை வேன் பிடிச்சா, கேரளாவுக்குள் போக பெர்மிட் இருக்கான்னு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க.

பைக்: பின்னாடி உட்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம். கேரள சாலைகளில் 2023 ஜூன் முதல் ஏஐ கேமராக்கள் அபராதம் போட்டுக்கிட்டு இருக்கு. நைட் தூக்கக் கலக்கத்தில் 50 கி.மீ ஓட்டுறதும் ரிஸ்க்தான்.

ரிட்டர்ன்தான் முக்கியம்

நிகழ்ச்சி முடியுற நேரத்தோடு, ஸ்டேடியத்தை விட்டு வெளியே வர ஒரு மணி நேரம், தம்பானூர் வர ஒரு மணி நேரம் சேர்த்துக்கோங்க. அதுக்குப் பிறகு குழித்துறைக்கு ரயிலோ, களியக்காவிளைக்கு பஸ்ஸோ இருக்கா? இல்லைன்னா மூணு வழிதான்: வேன், தங்கல், இல்லை கடைசிப் பாட்டுக்கு முன்னாடியே கிளம்புறது. எதுன்னு டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. டிக்கெட் விலை மட்டும் பட்ஜெட் இல்லை. வேன் வாடகையோ, ரூம் வாடகையோ சேர்ந்ததுதான் பட்ஜெட்.

கூட்டத்தை லேசா நினைக்காதீங்க

2023 செப்டம்பர் 10-ம் தேதி சென்னை ஈ.சி.ஆரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரியில், டிக்கெட் வெச்சிருந்த பலர் உள்ளேயே போக முடியலை. அதே வருஷம் நவம்பர் 25-ம் தேதி, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் திறந்தவெளி அரங்கில் இசை நிகழ்ச்சிக்குக் கூட்டம் முண்டியடித்ததில், படிகளில் விழுந்து நசுங்கி 4 பேர் இறந்துபோனாங்க. பாட்டு கேட்கக் கிளம்பினவங்க அவங்க. அதனால இதை மனசுல வைங்க:

* கேட் திறக்கிற நேரத்துக்கே போயிடுங்க. கடைசி நேரத்தில்தான் நெரிசல் அதிகம்.
* உட்கார்ந்ததும், வெளியேற ரெண்டு வழி எங்கேன்னு பாருங்க.
* நெரிசலில் சிக்கினா, கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னாடி வைங்க. மூச்சுவிட இடம் கிடைக்கும். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாம, அதோடு நகர்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துக்கு வாங்க.
* கீழே விழுந்த போனை எடுக்கக் குனியாதீங்க. போன் போனா வாங்கிக்கலாம்.
* திடீர்னு மழை வந்தா, எல்லாரும் ஓடுற பக்கம் ஓடாதீங்க. நனைஞ்சாலும் பரவாயில்லை.

பேக்கில் என்ன?

ரெயின்கோட் அவசியம். 2017 நவம்பரில் இந்த மைதானத்தில் நடந்த இந்தியா - நியூசிலாந்து டி20 போட்டியே மழையால் 8 ஓவர் மேட்ச்சா சுருங்கிச்சு. ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பீங்கன்னா இயர் பிளக் எடுத்துக்கோங்க. இசை அரங்குகளில் சராசரி சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாதுங்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

பெரிய பேக், தண்ணீர் பாட்டில், பவர் பேங்க் போன்றவற்றைப் பல நிகழ்ச்சிகளில் உள்ளே விடுறதில்லை. டிக்கெட் பக்கத்தில் அந்த லிஸ்ட்டைப் படிச்சுட்டுக் கிளம்புங்க. ஏத்தங்காய் சிப்ஸை வழியிலேயே காலி பண்ணிடுறது நல்லது!

பெரிய கூட்டத்தில் நெட்வொர்க் படுத்துடும். டிக்கெட்டை முன்கூட்டியே டவுன்லோடு பண்ணிடுங்க. க்யூ.ஆர் கோடு தெரியுற டிக்கெட் போட்டோவை ஸ்டேட்டஸில் போடாதீங்க. அதை வேற ஒருத்தர் ஸ்கேன் பண்ணி உள்ளே போயிட்டா, நீங்க கேட்டுக்கு வெளியேதான். பிரிஞ்சுபோனா சந்திக்க ஓர் இடத்தையும் பேசி வெச்சுக்கோங்க.

அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, ரயில் உதவிக்கு 139. இந்த மூணு நம்பரையும் போனில் மட்டுமல்ல, ஒரு துண்டுச்சீட்டிலும் எழுதிப் பாக்கெட்டில் வைங்க. வீட்டு நம்பரையும் சேர்த்து. சார்ஜ் தீர்ந்த போனைக் கையில் வெச்சுக்கிட்டு நிற்கும்போது, அந்தச் சீட்டோட அருமை தெரியும்!