செங்கல் அளவும் தாய்ப்பலகை அளவும்



பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரை அறியாதவர் நம்மில் இலர். 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் நகரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல் வீடுகள் கட்டவேண்டும் என ஆங்கில ஆட்சியாளர் கட்டளையிட்டனர். அதற்காகச் செங்கற்சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. கல்லை ஒரே அளவு அச்சில் அறுத்தால்தான் எந்தச் சூளையின் கல்லும் எந்தச் சுவருக்கும் பொருந்தும். கணினியின் வரலாற்றிலும் இப்படி ஓர் அச்சு உண்டு. பிள்ளைகளுக்குக் கணினி வாங்க நினைக்கும் பெற்றோர் அதனை அறிந்திருத்தல் நலம்.

கணினிப் பெட்டியைத் திறந்தால், திருகாணிகளால் இறுக்கப்பட்ட ஒரு பெரிய பலகையைக் காணலாம். அதுவே மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை. மூளை போன்ற செயலியும், நினைவகமும், மற்ற உறுப்புகளும் அதனோடுதான் இணைகின்றன.

1981 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தன் சிறு கணினியை வெளியிட்டது. அதன் அமைப்பு விவரங்களை நூலாகவும் அச்சிட்டது. ஆகவே, மற்ற நிறுவனங்களும் அதற்கு ஒத்த கணினிகளைச் செய்தன. 1984இல் அதே நிறுவனத்தின் ஏ.டி. கணினி வந்தது. அதன் பலகை ஏறத்தாழ 12 அங்குல அகலமும் 13.8 அங்குல நீளமும் உடையது. பின்னர் அதே பெட்டியில் பொருந்தும் குறுகிய பலகை ஒன்று தோன்றி, 'பேபி ஏ.டி.' எனப் பெயர் பெற்றது.

இவற்றில் ஒரு குறை இருந்தது. மின்சாரம் தரும் இணைப்பிகள் இரண்டு. அவற்றின் கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று அடுத்து வரவேண்டும். இடம் மாற்றிச் செருகினால் பலகை கருகிவிடும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில், நாங்கள் மூவர் காசு சேர்த்துக் கிள்ளானில் ஒரு பழைய கணினியை வாங்கினோம். துடைத்து மாட்டும்போது இணைப்பிகளை மாற்றிச் செருகிவிட்டோம். புகை எழுந்தது, சேர்த்த காசும் அதோடு போயிற்று.

1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் புதிய அளவை வகுத்தது. அதில் முதன்மை மின் இணைப்பி ஒன்றே. அதுவும் தலைகீழாகச் செருக முடியாதபடி அமைந்தது. இந்த இன்டெல் நமக்கு அந்நியமானதன்று. 1972இலேயே பினாங்கில் தொழிற்சாலை நிறுவியது. எழுபதுகளில் சுங்கைவே மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு நம் தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் வேலைக்குச் சென்றார்கள் அல்லவா?

ஏ.டி.எக்ஸ். பலகை 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர். 1997இல் வந்த மைக்ரோ ஏ.டி.எக்ஸ். இருபுறமும் 244. 2001இல் தைவானின் வியா நிறுவனம் கொண்டுவந்த மினி ஐ.டி.எக்ஸ். இருபுறமும் 170. கூடுதல் அட்டைகளைச் செருகும் இடம் முதலாவதில் ஏழு வரை, இரண்டாவதில் நான்கு வரை, மூன்றாவதில் ஒன்றே. திருகுத் துளைகள் ஒத்து அமைந்திருப்பதால், பெரிய பெட்டியில் சிறிய பலகையைப் பொருத்தலாம். சிறிய பெட்டியில் பெரியது அடங்காது.

அப்படியானால் எதை வாங்குவது? பலகை பெரிதானால் வேகம் கூடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. வேகம் செயலியையும் நினைவகத்தையும் பொறுத்தது. பள்ளிப் பாடத்திற்கு மைக்ரோ ஏ.டி.எக்ஸ். தாராளமாகப் போதும். செயலியும் நினைவகமும் அந்தப் பலகைக்கு உரியவைதாமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றொன்றையும் கவனியுங்கள். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுள் சிலவற்றின் பலகை, செய்த நிறுவனத்துக்கே உரிய தனி வடிவத்தில் இருக்கும். அது பழுதானால் கடையில் விற்கும் பொதுப் பலகை அதில் பொருந்தாது. பெட்டியோடு எல்லாவற்றையும் மாற்ற நேரிடும். லோ யாட் பிளாசாவானாலும் பக்கத்து ஊர்க் கடையானாலும், பணம் கொடுக்குமுன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். “இது பொது அளவுப் பலகையா?” என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

சுவரில் ஒரு கல் உடைந்தால் அந்தக் கல்லை மட்டும் மாற்றுகிறோம், வீட்டை இடிப்பதில்லை. பொது அளவு நமக்குத் தரும் நன்மை அதுவே. உழைத்துச் சேர்த்த பணத்தை அளவறிந்து செலவிடுவோம்.